புகைமீன் வாடை அடித்த மூட்டை

"ஆள் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான். கதவை இடிக்கணும், மூட்டையை வாசப்படியில வைக்கணும், ஓடிடணும்" என்றாள் அலெய்டா.

வெசல் விலாங்கு மீன்களைக் கம்பியில் கோத்துக்கொண்டே தலையாட்டினார். துறைமுகத்துக்குப் பின்னால், மீனைப் புகை போட்டுப் பதப்படுத்தும் அவருடைய புகைக்கொட்டகையில் அவள் எப்போதும் உட்காரும் கவிழ்த்த வாளியில்தான் அன்று மதியமும் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடுறதுன்னா எவ்வளவு தூரம்? என் முட்டி கதை உனக்குத் தெரியும்ல?"

"சந்து முனை வரைக்கும் ஓடினா போதும்."

"சரி. அப்புறம்?"

அப்புறம் என்ன என்பதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. அப்புறம் நீ உன் வீட்டுக்குப் போய்விடு, நான் என் பிள்ளைகளோடு சின்டர்க்ளாஸ் கொண்டாடுகிறேன் என்பதை ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மகன் ரூலோஃப் போன வாரம் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டான். "அந்த மீன்காரர் வந்தா நானும் இல்சேயும் வர மாட்டோம்மா. இது குடும்பத்தோட இருக்கிற நாள்." அவளும் "சரிடா" என்று சொல்லித் தொலைத்தாள். அந்த ஒரு சரி அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

சின்டர்க்ளாஸ், செல்லமாக சின்ட், என்கிற கிழவர் ஸ்பெயினிலிருந்து வந்து ஆள் தெரியாமல் கதவை இடித்துப் பரிசு மூட்டையை வைத்துவிட்டுப் போவதாக ஐதீகம். அவர் சார்பில் வருடா வருடம் கதவை இடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இந்த வருடம் மகள் ஊருக்குப் போய்விட்டார். அதனால்தான் வெசலைக் கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் செய்த காரியத்தின் அசிங்கம் புரிந்தது. வீட்டுக்குள் வராதே என்று சொன்னது போதாதென்று, வாசல் வரை வந்து சுமை இறக்கிவிட்டுப் போ என்று வேறு சொல்கிறாள்.

வெசல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "பரவால்ல, மூட்டையாவது உன் வீட்டுக்குள்ள போகட்டுமே" என்று சிரித்தார். பரிசுப் பொட்டலங்களை வைக்க அவள் கொண்டுவந்த பழைய கோணியை எலி கடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இதை நம்பினா சாமானெல்லாம் தெருவுல கொட்டிடும். நான் என் சாக்குல போட்டுக்கறேன்" என்றார்.

அது எந்தச் சாக்கு, அதில் இதற்கு முன் என்ன இருந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. வருடம் பூராவும் புகையிலேயே நிற்பவருக்குப் புகை வாடை எங்கே தெரியப்போகிறது?

சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. காற்றோடு சேர்ந்து மழை சன்னலை அறைந்துகொண்டிருந்தது. ஹோர்ன் ஊரில் டிசம்பர் ஐந்தாம் தேதி மழை பெய்யாவிட்டால்தான் ஆச்சரியம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ரூலோஃப் வந்ததும் கணப்பில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தான். அவன் மனைவி இல்சே ஈரக் கோட்டுகளை வாங்கி மாட்டினாள். கார் ஓட்டிவந்தது அவள்தான். ரூலோஃபுக்கு மழையில் கார் ஓட்டினால் கை உதறும், ஆனால் அதை யாரும் சொல்லக்கூடாது. மகள் மார்லூஸ் பள்ளிக்கூட ஆசிரியை. வந்ததும் வராததுமாக கிண்ணத்தில் இருந்த குட்டி மசாலா பிஸ்கட்டுகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

மேஜையில் பட்டாணி சூப், ரொட்டி, ஆளுக்கொரு சாக்லேட் எழுத்து. அவரவர் பெயரின் முதல் எழுத்து அவரவர் தட்டின் பக்கத்தில். மேஜையின் தலைப்பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அது அலெய்டாவின் கணவர் லேண்டர்டின் நாற்காலி. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. அதன் மெத்தையை அலெய்டா இன்னமும் சனிக்கிழமை தோறும் தட்டி வைக்கிறாள்.

சூப் பாதி முடிந்திருக்கும். கதவு இடிபட்டது. சும்மா தட்டவில்லை, சட்டம் அதிர்கிற மாதிரி முஷ்டியால் மூன்று இடி. நாற்பது வயதைத் தாண்டிய ரூலோஃப் முதல் ஆளாகப் பாய்ந்தான். இந்த விஷயத்தில் அவனுக்கு இன்றைக்கும் ஆறு வயதுதான். லேண்டர்ட் இந்த வீட்டில் ஏற்படுத்திய சட்டம் அது: கதவு இடிபட்டால் எல்லோரும் ஓட வேண்டும், வாசலில் எது இருந்தாலும் உள்ளே எடுத்துவர வேண்டும், சின்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். யார் இடித்தது என்று மட்டும் தேடக்கூடாது.

வாசப்படியில் சாக்கு மூட்டை இருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை.

"நன்றி, சின்டர்க்ளாஸ்!" என்று நாலு பேரும் மழையைப் பார்த்துக் கத்தினார்கள். அலெய்டாவின் குரல்தான் உரக்கக் கேட்டது. சந்து முனையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது கேட்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

மூட்டையைத் தூக்கிவந்து கம்பளத்தில் வைத்த ரூலோஃப் தன் கையை முகர்ந்தான். "என்ன வாடை இது?"

"மீன்" என்றாள் இல்சே.

"சாதா மீன் இல்ல. புகை போட்ட மீன்" என்றாள் மார்லூஸ். அவள் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"அம்மா, யாரு கதவு தட்டினது?"

"சின்ட்."

"அம்மா!"

"பின்ன யாருடா? நீ ஆளைப் பாத்தியா? நான் பாக்கல. யாருன்னு கேக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொன்னது மறந்துபோச்சா?"

ரூலோஃபுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் சட்டம் அவன் அப்பாவுடையது. அதை அவனே மீற முடியாது. மூட்டையின் வாயை அவிழ்த்தான். உள்ளே இருந்த பொட்டலங்கள் எல்லாவற்றிலும் புகை ஏறியிருந்தது. இல்சேக்கு வந்த கம்பளிச் சால்வையை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டதும் அந்த மேஜையே மீன் கடை ஆனது.

நவம்பரிலேயே சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பரிசு செய்வது என்று முடிவாகியிருந்தது. செய்தவர் பெயர் வெளியே வராது. பரிசை ஏதாவது பொம்மைக்குள் ஒளித்து, கூடவே ஒரு பாட்டும் எழுதி வைத்து, பெயர் போடாமல் ஒட்டி முன்னதாகவே அலெய்டா வீட்டில் சேர்த்துவிட வேண்டும். பாட்டுக்கு அடியில் கையெழுத்து சின்டுடையது. பாட்டு யாருக்கோ அவரே எழுந்து உரக்க வாசிக்க வேண்டும். என்ன கிண்டல் இருந்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஜனங்கள் நேரில் சொல்லத் துணியாததை எல்லாம் இந்த ஒரு நாளில் பாட்டில் ஏற்றிவிட்டு, பாவம் அந்தக் கிழவர் தலையில் பழியைப் போட்டுவிடுவார்கள்.

அலெய்டாவுக்கு வந்தது நீளமாக, கருப்பாக இருந்தது. நைலான் காலுறைக்குள் பழைய பேப்பரை அடைத்து, பொத்தானில் கண் வைத்துத் தைத்த விலாங்கு. அதன் வயிற்றைக் கத்தரித்தால் உள்ளே பாகு தடவிய பொட்டலம். கையெல்லாம் பிசுபிசுக்கப் பிரித்தாள். ஒரு சின்ன வெள்ளை டீப்பாட். ஒரே ஒரு கோப்பை டீ பிடிக்கிற அளவு. பெட்டியின் மேல் 'ஒருவருக்கு' என்று அச்சடித்திருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு பாட்டை எடுத்தாள். எழுந்து நின்று வாசித்தாள்.

"ஸ்பெயின் நாட்டில் இருக்கையிலே சின்டுக்கு வந்தது சேதி,
அலெய்டா வீட்டு அடுக்களையில் அடிப்பது மீன் வாடை பாதி.
புதனும் சனியும் சந்தைக்கு ஓட்டம், புதுசாய் உதட்டுச் சாயம்,
அறுபது தாண்டிய பிறகு வந்ததே, அடடா என்ன மாயம்!
வழுக்கிப் போகும் விலாங்கு மீனோ வலையில் எளிதாய் விழாது,
வழுக்கி விழுந்த அம்மாவுக்கோ வார்த்தை காதில் விழாது.
அப்பா அமர்ந்த நாற்காலியிலே அடுத்தவன் அமரலாமோ?
காலியாய் அதை விட்டுவிடு, அலெய்டா, கௌரவம் கெடலாமோ?"

நடுவில் ஓரிடத்தில் குரல் தடுக்கியது. எந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நிறுத்தாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல், கடைசி வரை வாசித்தாள். வாசித்துவிட்டு காகிதத்தை மடித்தாள். இல்சே சால்வையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்லூஸ் இப்போது சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கு. யார் எழுதினது?" என்றாள் அலெய்டா.

"சின்ட்" என்றான் ரூலோஃப், தட்டைப் பார்த்தபடி.

"சின்டுக்கு நான் எப்படா அம்மா ஆனேன்?"

மார்லூஸ் குடித்துக்கொண்டிருந்த சூடான சாக்லேட் மூக்கில் ஏறிவிட்டது. இருமி இருமிக் கண்ணீர் வந்தது அவளுக்கு.

"அது... சும்மா சந்தத்துக்காக எழுதியிருப்பாரு" என்றான் ரூலோஃப். காது மடல் சிவந்துவிட்டது. "ஜோக்கும்மா. சின்ட் பாட்டுக்குக் கோவிச்சுக்கக் கூடாது."

"கோவமா? எனக்கா? இல்லவே இல்ல."

பச்சைப் பொய். அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. தன் வயிற்றில் பிறந்த பிள்ளை தன்னை வழுக்கி விழுந்தவள் என்று எழுதி, அதை அவள் வாயாலேயே வாசிக்க வைத்திருக்கிறான். அதைவிட அவளைச் சுட்டது, போன வாரத்திலிருந்து தொண்டையில் நிற்கும் அவளுடைய சொந்த 'சரிடா'. அதை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இவனுக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்" என்றாள். "முகத்தைக் காட்டாம பாட்டு எழுதின ஆளுக்கு என் மேஜையில இடம் இருக்கு, சூப் இருக்கு, சாக்லேட் இருக்கு. முகத்தைக் காட்டாம அந்தப் பாட்டையே மழையில சுமந்துட்டு வந்த ஆளுக்கு மட்டும் ஏன் இடம் இல்ல?"

"ரெண்டும் ஒண்ணாம்மா?" ரூலோஃப் நிமிர்ந்தான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை. "அது அப்பா உட்கார்ந்த இடம். நான் வாசப்படி ஏறினாலே முதல்ல அங்கதான் பாக்கறேன். அங்க இன்னொருத்தர் உட்கார்ந்திருந்தா என்னால பாக்க முடியாதும்மா."

அவன் வலி பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் குரலும் தணிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

"நீ வருஷத்துக்கு நாலு தடவை பாக்கற. நான் தினமும் பாக்கறேன். தினமும் எதிர்த்தாப்புல அதை வெச்சுக்கிட்டுத் தனியா சூப் குடிக்கறேன். அந்த மெத்தையைத் தட்டறது நான். அதுல யாரு உட்காரலாம்னும் நான்தான் சொல்லுவேன்."

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தில் இருந்த பிஸ்கட்டுகளை ஒரு கை அள்ளிப் பைக்குள் போட்டாள்.

"அம்மா, எங்க போற? கால்ல வீட்டுச் செருப்பு!" என்று மார்லூஸ் எழுந்தாள்.

"உட்காருடி. எல்லாரும் உட்காருங்க. கதவு இடிபட்டா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெருவில் காற்று ஆளையே தள்ளியது. வீட்டுச் செருப்பு மூன்றாவது எட்டிலேயே ஊறிவிட்டது. புகைக்கொட்டகை வரை நடக்க வேண்டியிருக்கும் என்றுதான் கிளம்பினாள். ஆனால் சந்து முனையில், மூடிய ரொட்டிக் கடையின் தாழ்வாரத்தில், வெசல் ஒரு மரப்பெட்டி மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் போகலையா நீ?"

"நீதானே ஓடச் சொன்ன? ஓடினேன். இவ்வளவு தூரம்தான் ஓட முடிஞ்சுது." முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க நன்றி சொன்னது கேட்டுச்சு. உன் குரல் தனியா கேட்டுச்சு."

அவளுக்கு, இந்த மனிதரை மழையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே சூடாக சூப் குடித்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். இப்படி அலட்டிக்கொள்ளாமல் இருக்கிறாரே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

"எழுந்திரு. வா."

"எங்க?"

"வீட்டுக்கு."

"பசங்க போயாச்சா?"

"இருக்காங்க. அதனாலதான் வரச் சொல்றேன்."

"அலெய்டா, வேண்டாம். உன் பையன் எழுந்து போயிடுவான்."

"போகட்டும், அவனுக்கு நடக்கத் தெரியும். நான் இனிமே ஒருத்தரையும் சந்து முனையில உட்கார வைக்க மாட்டேன். அவன் வரணும்னு உன்னை வெளிய நிறுத்தினேனே, அது என் தப்பு. முதல்ல எழுந்திரு, என் செருப்புக்குள்ள குளமே இருக்கு."

வெசல் எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டிக்காகத்தான் பிடித்தாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

வாசலுக்கு வந்ததும் அவள் வெசலைப் படியின் நடுவில் நிறுத்தினாள். பிறகு தன் வீட்டுக் கதவைத் தானே முஷ்டியால் இடித்தாள். மூன்று இடி. லேண்டர்ட் உயிரோடு இருந்திருந்தால் இடி என்றால் இதுதான் இடி என்று சொல்லியிருப்பார்.

உள்ளே நாற்காலிகள் இழுபட்டன. யாரோ ஓடிவந்தார்கள். கதவைத் திறந்தவன் ரூலோஃப்தான். பழக்க தோஷம், வேறென்ன? சின்ட் வந்தால் பிஸ்கட் வீசுவது வழக்கம்; அவன் வாயைத் திறப்பதற்குள் அலெய்டா பைக்குள் இருந்த பிஸ்கட்டுகளை அவன் மேல் வீசினாள். அவை அவன் நெஞ்சில் பட்டு நடையெங்கும் உருண்டன.

"சின்ட் வாசல்ல ஒண்ணு வெச்சுட்டுப் போயிருக்காரு. உள்ள கூட்டிட்டுப் போ."

"அம்மா, விளையாடாத."

"விளையாடலடா. சின்ட் குடுத்ததை வேண்டாம்னு சொல்ற வழக்கம் இந்த வீட்டுல கிடையாது. எனக்கு ஒத்தை ஆள் டீப்பாட் வந்துச்சு, வேண்டாம்னு சொன்னேனா? பாட்டு வந்துச்சு, நின்னு வாசிக்கலையா? இப்போ உன் முறை."

வெசல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வழுக்கைத் தலையில் மழை சொட்டியது. "மாலை வணக்கம்" என்றார் மரியாதையாக.

ரூலோஃப் நகராமல் வாசலிலேயே நின்றான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மார்லூஸ் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் ஊறிய செருப்பையும், கோத்திருந்த கைகளையும் பார்த்தாள். "நன்றி, சின்டர்க்ளாஸ்" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நான் கிளம்பறேன்" என்றான் ரூலோஃப்.

"கிளம்பு. ஆனா வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காத, மழை உள்ள வருது."

அவன் கோட்டை உருவிக்கொண்டு அவர்களைத் தாண்டித் தெருவில் இறங்கினான். அலெய்டா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கூப்பிட்டுவிடுவோம் என்று பயம்.

உள்ளே இல்சே எழுந்திருக்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பட்டாணி சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். "கார் சாவி எங்கிட்டதான் இருக்கு அத்தை. சால்வை சூடா இருக்கு. எனக்கு இப்போ கிளம்ப மனசில்ல" என்றாள்.

வெசல் கணப்பு அருகே கிடந்த முக்காலியை நோக்கி நகர்ந்தார். "அங்க இல்ல" என்று அலெய்டா அவரைக் கைப்பிடி நாற்காலிக்குக் கொண்டுவந்தாள். அவர் தயங்கினார். கோட்டின் ஈரம் மெத்தையில் படுமே என்றார். "படட்டும், காய வெச்சுக்கலாம்" என்றாள் அவள். உட்கார்ந்தார். நாற்காலி லேசாக முனகியது. மார்லூஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் சாக்லேட் எழுத்தை உடைத்து ஒரு கால் பங்கை அவர் தட்டில் வைத்தாள்.

அலெய்டா புது டீப்பாட்டைக் கழுவி, டீ போட்டு, இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். அரையரைக் கோப்பைதான் வந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. இடி இல்லை. விரல் முட்டியால் இரண்டே இரண்டு தட்டு.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இல்சே கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"சின்டா?" என்றாள் மார்லூஸ்.

"சின்ட் இப்படிப் பயந்துக்கிட்டுத் தட்ட மாட்டாரு" என்றாள் அலெய்டா. "ஆனா யார் தட்டினாலும் திறக்கணும்." அவள் எழவில்லை. வெசலைப் பார்த்தாள். "நீ போய்த் திற."

"நானா?"

"இந்த வீட்டுல உட்கார்ந்திருக்கறவங்கதான் கதவைத் திறப்பாங்க. போ."

வெசல் மேஜையைப் பிடித்து எழுந்து, முட்டியை இழுத்து இழுத்து நடைக்குப் போனார். காலடியில் பிஸ்கட்டுகள் நொறுங்கின. தாழ்ப்பாள் விலகியது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.

"உள்ள வா தம்பி" என்றது வெசலின் குரல். "ரொம்ப நனைஞ்சுட்ட. சூப் இன்னும் சூடாத்தான் இருக்கு."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நடையில் இப்போது இரண்டு பேருடைய காலடி.

அலெய்டா தன் இடத்தில் இருந்தபடியே, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"நன்றி, சின்டர்க்ளாஸ்!"